கோல்ஃப் கிளப் ஃபிட்டிங்: பணம் கட்டும் முன்பும், கிளப் கைக்கு வந்த பின்பும்

கடையில் வைத்திருக்கும் அயர்ன் செட் (எண் போட்ட இரும்புத் தலை கிளப்புகள்) ஒரே நீளம், ஒரே லை (தரையோடு கிளப் நிற்கும் சாய்வு), ஒன்றிரண்டு வகை ஷாஃப்ட் (தண்டு) என்ற கணக்கில் வருகிறது. 5 அடி 4 அங்குலம் இருப்பவருக்கும் 6 அடி 1 அங்குலம் இருப்பவருக்கும் அதே பெட்டிதான். நன்றாகப் பட்ட பந்துகூட கிரீனுக்கு (குழி இருக்கும் புல்பரப்புக்கு) இடப்பக்கமே போய் விழுகிறது, டிரைவர் (மிகத் தூரம் அடிக்கும் நீண்ட கிளப்) எப்போதும் ஹீலிலேயே, அதாவது தலையில் தண்டு சேரும் ஓரத்திலேயே, படுகிறது, 8-அயர்னுக்கும் 9-அயர்னுக்கும் தூரத்தில் வித்தியாசமே தெரியவில்லை என்றால் ஸ்விங்கை மட்டும் திருத்திக்கொண்டிருப்பதில் பயனில்லை. கிளப்பையும் அளந்து பார்க்க வேண்டும். உடம்புக்கும் ஸ்விங்குக்கும் ஏற்ப கிளப்பை இப்படிப் பொருத்துவதுதான் ஃபிட்டிங்.

ஃபிட்டிங்கில் பணம் வீணாவது பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான். திரையில் தெரிந்த மிக நீண்ட ஒரே ஒரு ஷாட்டை நம்பி ஆர்டர் கொடுப்பது ஒன்று. ஆர்டர் செய்த கிளப் வந்ததும் அளந்து பார்க்காமல் பையில் போட்டுக்கொள்வது இன்னொன்று. இந்த இரண்டையும் தவிர்க்கும் விதமாகவே கீழே உள்ள வரிசை இருக்கிறது. இடது, வலது என்று சொல்லியிருப்பதெல்லாம் வலக்கை ஆட்டக்காரருக்கு. இடக்கை ஆட்டக்காரர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

1. இப்போது போகலாமா, பொறுக்கலாமா?

ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண், கூடினால் திறன் குறைவு) 25 இருந்தாலும் ஃபிட்டிங் பலன் தரும். பார்க்க வேண்டியது ஒன்றுதான்: உங்கள் தவறு எப்போதும் ஒரே மாதிரி இருக்கிறதா? 7-அயர்னில் பத்துப் பந்து அடித்தால் ஆறேழு பந்தாவது காற்றில் ஏறி, ஏறக்குறைய ஒரே பக்கம் போகிறது என்றால் அளப்பதற்கு ஒரு ஸ்விங் இருக்கிறது. ஒன்று இடம், ஒன்று வலம், ஒன்று தரையோடு உருளல் என்றால் அந்தப் பணத்தை முதலில் கோச்சுக்குக் கொடுங்கள்.

கோச் உங்கள் பிடியையோ, நிற்கும் முறையையோ மாற்றிக்கொண்டிருக்கும் காலத்திலும் போகாதீர்கள். மாற்றம் படிந்துவிட்டது என்று அவர் சொன்ன பிறகு போகலாம். அதுவரை நீளம், லை, கிரிப் தடிமன் மூன்றை மட்டும் பழைய கிளப்பிலேயே சரிசெய்துகொண்டால் போதும். செலவும் குறைவு.

2. கையில் இருப்பதை எழுதி வையுங்கள்

ஃபிட்டர் முதலில் கேட்பது இதைத்தான். ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் அரை மணி நேரம் மிச்சம்.

- பையில் உள்ள ஒவ்வொரு கிளப்பின் மாடல், லாஃப்ட் (பந்தைத் தட்டும் முகப்பின் சாய்வு), ஷாஃப்ட் பெயர். விதிப்படி 14 கிளப் வரைதான்.
- ஒவ்வொன்றும் காற்றில் போகும் தூரம், அதாவது கேரி. உருண்டு நின்ற தூரம் வேண்டாம்.
- அடிக்கடி வரும் தவறு: ஸ்லைஸா (வலப்பக்கம் வளைவது), ஹூக்கா (இடப்பக்கம் வளைவது), பந்தில் படும் முன்பே தரையில் மோதுவதா.
- வழக்கமாக ஆடும் மைதானத்தின் தரை. சென்னையில் கோடையில் காய்ந்து இறுகும் தரையும் வடகிழக்குப் பருவமழையில் ஊறிக் கிடக்கும் தரையும் வெட்ஜைப் (பந்தை உயரத் தூக்கும் குறுந்தூரக் கிளப்பை) பொறுத்தவரை இரண்டு வேறு மைதானங்கள்.
- முதுகு, தோள், முழங்கை, மணிக்கட்டு வலி ஏதாவது இருந்தால் அதுவும். ஷாஃப்ட் எடையைத் தீர்மானிப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

உங்கள் கிளப்புகள், ஷூ, கிளவுஸ், வழக்கமாக ஆடும் பந்தில் அரை டஜன் ஆகியவற்றைக் கையோடு கொண்டு போங்கள். ரேஞ்ச் (பயிற்சித் திடல்) பந்தின் தூரமும் ஸ்பின்னும் (சுழற்சியும்) வேறு. அதை வைத்து எடுத்த எண்களை நம்பி லாஃப்ட் தேர்ந்தெடுக்கக் கூடாது.

3. யாரிடம் போவது? போன் செய்யும்போதே கேட்க வேண்டியவை

ஒரே பிராண்டின் ஃபிட்டர் உண்டு, பல பிராண்டுகளின் ஹெட்டையும் ஷாஃப்ட்டையும் மாற்றி மாற்றிப் பொருத்திக் காட்டும் ஸ்டூடியோவும் உண்டு. பிராண்டு முடிவாகிவிட்டவருக்கு முதலாவது போதும், பெரும்பாலும் மலிவும்கூட. முடிவாகாதவர்கள் இரண்டாவதைத் தேடுங்கள். இன்ன பிராண்டு என்பதைவிட ஃபிட்டரின் கண்ணும் பொறுமையும் முக்கியம்.

நேரம் குறிக்கும் முன் இவற்றைக் கேளுங்கள். எந்த லாஞ்ச் மானிட்டர் (பந்தின் வேகம், ஸ்பின், தூரம் அளக்கும் கருவி)? டிராக்மேன், ஃபோர்சைட், ஃப்ளைட்ஸ்கோப் போன்றவை என்றால் நம்பலாம். உள்ளரங்கமா, புல்தரையா? எத்தனை நிமிடம்? அங்கேயே லாஃப்ட்-லை வளைக்கும் மெஷின் இருக்கிறதா? கிளப்பை அசெம்பிள் செய்வது யார்? கட்டணம் கிளப் வாங்கினால் கழிக்கப்படுமா, வாங்காவிட்டால் அறிக்கையைக் கையில் தருவார்களா?

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். ‘ஃபிட்டிங் இலவசம், வாங்கினால் போதும்’ என்ற இடங்களில் சிலர் அளவுத் தாளைக் கொடுப்பதே இல்லை. நீங்கள் கட்டணம் கட்டி வாங்குவது அந்த அளவுகளைத்தான். தாள் தரமாட்டோம் என்றால் வேறு இடம் பாருங்கள்.

மெஷின் செட்டிங்கையும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். கடல்மட்டத்திலிருந்து உயரம், வெப்பநிலை இரண்டையும் அதில் மாற்றி வைக்கலாம். பெங்களூரு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டியும் கொடைக்கானலும் 2,000 மீட்டருக்கும் மேல். உயரே போகப் போகக் காற்று மெலிந்து பந்து அதிக தூரம் போகும். சென்னையில் ஆடுகிறவர் பெங்களூரில் ஃபிட்டிங் செய்தால் கடல்மட்டத்துக்கு மாற்றிக் காட்டச் சொல்ல வேண்டும்.

4. ஃபிட்டிங் அன்று

காலையில் 18 ஹோல் ஆடிவிட்டுப் போகாதீர்கள். இருபது நிமிடம் முன்னதாகப் போய், 15, 20 பந்து அடித்து உடம்பைச் சூடாக்குங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போனால் ஸ்விங் தளரும். தளர்ந்த ஸ்விங்குக்கு எளிதில் வளையும் ஷாஃப்ட் ‘பொருந்திவிடும்’. முழுப் பை ஃபிட்டிங் என்றால் இரண்டு நாளாகப் பிரித்துக் கேளுங்கள். அயர்ன் முதலில், டிரைவர் அடுத்து, வெட்ஜும் பட்டரும் (கிரீனில் பந்தை உருட்டும் கிளப்) இன்னொரு நாள்.

திரையில் வேகம் தெரிந்தாலே எல்லாரும் கொஞ்சம் கூடுதலாக வீசுவார்கள். மைதானத்தில் 150 யார்டுக்கு எப்படி அடிப்பீர்களோ அப்படியே அடியுங்கள். முடிந்தால் முதல் பத்துப் பந்துக்குத் திரையை மறைக்கச் சொல்லுங்கள்.

5. அயர்ன்: நீளம், பிறகு லை, பிறகு ஷாஃப்ட்

இந்த வரிசை மாறக் கூடாது. நீளம் அரை அங்குலம் கூடினால் லை சுமார் 1 டிகிரி நிமிர்ந்தாற்போல் ஆகிவிடும். லையை முதலில் முடித்துவிட்டு நீளத்தை மாற்றினால் செய்த வேலை வீண்.

நீளத்துக்கு உங்கள் உயரத்தையும், கையைத் தளரத் தொங்கவிட்டு மணிக்கட்டு மடிப்பிலிருந்து தரை வரை உள்ள தூரத்தையும் அளப்பார்கள். உயரமாக இருந்தாலும் கை நீளமானவருக்கு நீண்ட கிளப் தேவைப்படாது. அதனால்தான் இரண்டு அளவு. ஆனால் இது தொடக்கப் புள்ளி மட்டும். சரியான நீளம் எது என்பதைப் பந்து ஃபேஸில் (கிளப்பின் முகப்பில்) படும் இடம் சொல்லும். ஃபேஸில் டேப் ஒட்டி ஐந்தாறு அடித்தால் தடங்கள் நடுவில் ஒரு ரூபாய் நாணய அகலத்துக்குள் கூடுகின்றனவா என்று பாருங்கள். ஸ்டீல் ஷாஃப்ட் போட்ட 7-அயர்ன் பொதுவாக 37 அங்குலத்தை ஒட்டி வரும். பெரும்பாலானோருக்கு அதிலிருந்து கால் முதல் அரை அங்குலத்துக்கு மேல் மாற்றம் தேவைப்படாது.

லை என்பது கிளப்பின் அடி தரையில் படும்போது ஷாஃப்ட்டுக்கும் தரைக்கும் உள்ள கோணம். டோ (தலையின் வெளிமுனை) மேலே தூக்கிக்கொண்டு பட்டால் பந்து இடப்பக்கம் போகும். ஹீல் தூக்கிக்கொண்டால் வலப்பக்கம். லாஃப்ட் கூடக் கூட இந்த விலகல் பெரிதாகும், அதனால் வெட்ஜில் இது அதிகம் கடிக்கும். பலர் ‘நான் எப்போதும் புல் (pull, நேராக இடப்பக்கம் போகும் அடி) அடிக்கிறேன்’ என்று சொல்வதற்குப் பெரும்பாலும் காரணம் லை 2 டிகிரி தவறியிருப்பதுதான்.

இதை அளக்க எளிய வழி ஒன்று இருக்கிறது, வீட்டுப் பக்கத்து ரேஞ்சிலேயே செய்யலாம். பந்தின் பின்புறம், கிளப் படும் பக்கத்தில், அழியும் மார்க்கரால் தடிமனாக ஒரு செங்குத்துக் கோடு போடுங்கள். கோடு நேராக நிற்கும்படி பந்தை வைத்து அடியுங்கள். ஃபேஸில் அந்தக் கோடு மையாகப் பதிந்திருக்கும். கிளப்பை எடுத்து, ஃபேஸின் கீழ்க் கோடுகள் படுக்கையாக இருக்கும்படி கண் முன் பிடியுங்கள். மைக்கோடு செங்குத்தாக இருந்தால் லை சரி. கோட்டின் மேல்முனை டோ பக்கம் சாய்ந்திருந்தால் கிளப் தேவைக்கு மேல் நிமிர்ந்திருக்கிறது, தட்டையாக்க வேண்டும். ஹீல் பக்கம் சாய்ந்திருந்தால் நிமிர்த்த வேண்டும். ஐந்து பந்தாவது பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். நிற்கும் நிலையில் மட்டும் பார்த்து லை சொல்லும் ஃபிட்டரை நம்ப வேண்டாம். அடிக்கும் தருணத்தில் ஷாஃப்ட் கீழ்நோக்கி வளைகிறது, கையும் உயர்கிறது.

ஷாஃப்ட்டில் எல்லாரும் ஃப்ளெக்ஸைத்தான் (வளையும் தன்மையை) கேட்பார்கள்: ரெகுலரா, ஸ்டிஃப்பா? அந்த எழுத்துகளுக்குத் தொழில்துறை முழுக்கப் பொதுவான அளவு எதுவும் கிடையாது. ஒரு கம்பெனியின் ரெகுலர் இன்னொன்றின் ஸ்டிஃப் மாதிரி இருக்கும். டிரைவர் வேகம் மணிக்கு 85 முதல் 95 மைல் என்றால் ரெகுலர், 95 முதல் 105 என்றால் ஸ்டிஃப் என்பது தேடலைத் தொடங்கத்தான். அதற்கு முன் எடையைத் தேர்ந்தெடுங்கள். ஸ்டீல் ஷாஃப்ட் சுமார் 95 முதல் 130 கிராம் வரை, அயர்னுக்கான கிராஃபைட் பெரும்பாலும் 50 முதல் 80 கிராம் வரை கிடைக்கிறது. எடை மிகக் குறைந்தால் ஃபேஸில் படும் இடம் சிதறும். கூடினால் பதினான்காவது ஹோலுக்குப் பிறகு தோள் தளரும். முழங்கை வலி உள்ளவர்கள் கிராஃபைட்டைக் கட்டாயம் முயன்று பார்க்க வேண்டும்.

லாஃப்ட்டில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. புதிய 7-அயர்ன் பழையதைவிட 15 யார்டு தூரம் போகிறது என்றால் முதலில் லாஃப்ட் எண்ணைக் கேளுங்கள். பழைய செட்டில் 34 டிகிரி இருந்த 7-அயர்ன் இப்போதைய பல மாடல்களில் 28, 29 டிகிரி. அந்த 15 யார்டில் பெரும்பகுதி அடியில் குத்தியிருக்கும் எண் மாறியதால் வந்தது. தூரத்தைவிட முக்கியம், பந்து கிரீனில் நிற்கிறதா என்பது. லாஞ்ச் மானிட்டரில் இறங்குகோணம் என்று ஒரு எண் வரும். 7-அயர்னுக்கு அது 45 டிகிரியை ஒட்டி இருந்தால் நிற்கும். 38, 39 என்றால் பந்து கிரீனைத் தாண்டி உருளும், எத்தனை யார்டு கூடியும் பயனில்லை.

6. டிரைவர்

கடை டிரைவர் பெரும்பாலும் 45.5 அங்குலம் அல்லது அதற்கும் மேல். 48 அங்குலம் வரை விதி அனுமதிக்கிறது. 2022-லிருந்து தொழில்முறைப் போட்டிகளுக்கு 46 என்ற உள்ளூர் விதியை வைக்கலாம். உங்களுக்கு இந்த எண்கள் முக்கியமில்லை. 44.5 அங்குலத்தில் ஒரு ஷாஃப்ட் கேட்டு அடித்துப் பாருங்கள்.

கணக்கு இப்படி: கிளப் வேகம் 90 மைல், பந்து வேகம் 130 என்றால், பந்து வேகத்தைக் கிளப் வேகத்தால் வகுத்த விகிதம் 1.44. நீளத்தைக் கூட்டியதும் கிளப் வேகம் 92 ஆகிறது, பந்து வேகம் அதே 130. விகிதம் 1.41-க்கு இறங்கிவிட்டது. கூடிய வேகம் பந்துக்குப் போய்ச் சேரவில்லை, ஃபேஸின் ஓரத்தில் பட்டு வீணாகிறது. டிரைவரில் இந்த விகிதம் 1.50-ஐ நெருங்குவதே உச்சம்.

குறைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஒரு அங்குலம் வெட்டினால் ஸ்விங் வெயிட் (வீசும்போது தலை எவ்வளவு கனமாகத் தெரிகிறது என்ற அளவு) சுமார் 6 புள்ளி இறங்கும்: டி3 இருந்தது சி7 ஆகிவிடும், தலை எங்கே இருக்கிறது என்றே கைக்குத் தெரியாது. ஒரு புள்ளிக்குச் சுமார் 2 கிராம் என்று ஹெட்டில் 12 கிராம் வரை சேர்க்க வேண்டியிருக்கும். சேர்ப்பீர்களா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

பாதத்துக்குப் போடும் பவுடர் ஸ்ப்ரேயை ஃபேஸில் மெல்லிதாக அடித்துக்கொண்டு விளையாடினால் படும் இடம் பளிச்சென்று தெரியும். நடுவுக்குக் கீழே பட்டால் பந்து தாழ்வாகப் புறப்பட்டு ஸ்பின் கூடும். மேலே பட்டால் உயரப் புறப்பட்டு ஸ்பின் குறையும். ஹீலில் பட்டால் வலப்பக்க வளைவு கூடும். ஸ்பின் நிமிடத்துக்கு 3,500 சுற்று என்று வந்ததும் லாஃப்ட்டைக் குறைக்கச் சொல்லும் ஃபிட்டர்கள் உண்டு. முதலில் தடத்தைப் பாருங்கள். கீழே பட்டதால் கூடிய ஸ்பின்னை டீ (பந்தை வைக்கும் ஆணி) உயரத்தை மாற்றியே சரிசெய்யலாம்.

திருகி மாற்றும் ஹோசல் (தண்டு தலையில் சேரும் பகுதி) உள்ள டிரைவரில் லாஃப்ட்டைக் குறைத்தால் ஃபேஸ் வலப்பக்கம் பார்த்துத் திறந்துகொள்ளும், கூட்டினால் இடப்பக்கம் பார்த்து மூடிக்கொள்ளும். ஸ்லைஸ் அடிப்பவர் தூரத்துக்கு ஆசைப்பட்டு 10.5-ஐ 9 ஆக்கினால் ஸ்லைஸ் பெருகும். மணிக்கு 90 மைலுக்குக் கீழே இருப்பவர்கள் 12 டிகிரியைக்கூட வெட்கப்படாமல் முயலுங்கள்.

7. வெட்ஜ், பட்டர், கிரிப்

அயர்ன் முடிவாகாமல் வெட்ஜ் வாங்காதீர்கள். புதிய செட்டின் பிட்சிங் வெட்ஜ் 43 டிகிரியில் முடிகிறது, உங்களிடம் இருப்பது 56 என்றால் நடுவில் 13 டிகிரி பள்ளம். 4 முதல் 6 டிகிரி இடைவெளி இருக்கும்படி நிரப்ப வேண்டும். 48, 52, 56 என்பது ஒரு வழி. பௌன்ஸை (வெட்ஜின் அடிப்பகுதி தரையில் புதையாமல் வழுக்க உதவும் கோணத்தை) பயிற்சிப் பாயில் தேர்ந்தெடுக்க முடியாது, புல்லிலும் மணலிலும்தான் தெரியும். செங்குத்தாக இறக்கி அடிப்பவருக்கும் மென்மணலுக்கும் 10-க்கு மேல், இறுகிய தரைக்கும் தரையை வருடி அடிப்பவருக்கும் 8-க்குக் கீழே என்று தொடங்குங்கள்.

பட்டரில் நீளம்தான் முதலில். கடையில் 34, 35. 33 பொருந்துகிறவர்கள் ஏராளம். இயல்பாகக் குனிந்து நின்றால் கண் பந்துக்கு நேர் மேலேயோ சற்று உள்ளேயோ வர வேண்டும், பட்டரின் டோ தூக்கக் கூடாது.

கிரிப்: இடக்கையால் பிடித்தால் நடுவிரலும் மோதிரவிரலும் உள்ளங்கையை லேசாகத் தொட வேண்டும். அழுத்தினால் கிரிப் மெல்லியது, இடைவெளி விழுந்தால் தடித்தது. உள்ளே ஒரு சுற்று டேப் கூட்டினால் 1/64 அங்குலம் கூடும், எனவே மிட்சைஸுக்கு (ஒரு படி தடித்த கிரிப்புக்கு) தாவும் முன் டேப்பை முயலுங்கள். வியர்க்கும் கைக்கு நூல் கலந்த கார்டு கிரிப்.

8. முடிவெடுக்கும் முறை

பழைய கிளப்பை உடம்பு சூடாகும் முன்பும், புதியதை நன்றாகப் பழகிய பின்பும் அடித்தால் புதியது எப்போதும் ஜெயிக்கும். அதனால் பழையது, புதியது, மறுபடி பழையது என்று அடியுங்கள். ஒவ்வொன்றிலும் எட்டுப் பந்தாவது வேண்டும். முழுக்கத் தவறிய ஒன்றிரண்டை மட்டும் நீக்கலாம். ‘சரியாகப் படவில்லை’ என்று பாதியை நீக்கவிடாதீர்கள்.

பிறகு மூன்றை மட்டும் ஒப்பிடுங்கள்: கேரியின் சராசரி, மிகக் குறைந்ததற்கும் மிகக் கூடியதற்கும் உள்ள வித்தியாசம், இடவலச் சிதறல். 7-அயர்னில் சராசரி 3 யார்டு குறைந்தாலும் சிதறல் 30 யார்டிலிருந்து 20-க்கு இறங்கியிருந்தால் அந்தக் கிளப்பையே எடுங்கள். எதிலும் வித்தியாசம் இல்லையென்றால் வாங்காமல் வந்துவிடுங்கள். பழைய செட்டில் லையும் கிரிப்பும் மாற்றிக்கொள்வது எந்தப் புதிய செட்டைவிடவும் மலிவு.

பழையதை வளைக்கும் முன் அது ஃபோர்ஜ் செய்ததா (அடித்து உருவாக்கியதா), வார்த்ததா என்று கேளுங்கள். ஃபோர்ஜ் செய்தது எளிதாக வளையும். வார்த்த ஸ்டெயின்லெஸ் ஹெட் 2 டிகிரிக்கு மேல் வளைத்தால் ஹோசல் உடையக்கூடும். உடைந்தால் யார் பொறுப்பு என்பதை முன்பே பேசிவிடுங்கள்.

9. ஆர்டர் தாளும் செலவும்

அன்றே முன்பணம் கட்ட வேண்டாம், ஒருநாள் பொறுங்கள். கஸ்டம் ஆர்டரைப் பெரும்பாலும் திருப்பி எடுக்கமாட்டார்கள். தாளில் ஒவ்வொரு கிளப்புக்கும் இவை தனித்தனியாக இருக்க வேண்டும்: ஹெட் மாடல், லாஃப்ட், லை, நீளம், ஷாஃப்ட்டின் முழுப் பெயரும் எடையும் ஃப்ளெக்ஸும், கிரிப் மாடலும் டேப் சுற்றும், ஸ்விங் வெயிட். ‘ஸ்டாண்டர்ட் பிளஸ் அரை’ என்று எழுதினால் ஏற்காதீர்கள். ஸ்டாண்டர்ட் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அங்குலத்திலும் டிகிரியிலும் எண் வேண்டும்.

விலையைக் கேட்கும்போது ஷாஃப்ட் கூடுதல் கட்டணம், கிரிப், அசெம்பிளி, ஜிஎஸ்டி, கொண்டுவரும் செலவு எல்லாம் சேர்த்த ஒரே தொகையாகக் கேளுங்கள். பெயர் பெற்ற ஷாஃப்ட் ஒன்றைச் சேர்த்ததும் தொகை எகிறும், அது பேச்சில் வராமல் பில்லில் வரும். காத்திருப்பு சில வாரங்களிலிருந்து இரண்டு மூன்று மாதம் வரை போகலாம். போட்டி இருந்தால் அதற்குப் பின்னோக்கி நாள் எண்ணி, புதிய கிளப்போடு பழக நான்கு வாரம் ஒதுக்குங்கள்.

10. கிளப் வந்ததும், அதற்குப் பிறகும்

பிளாஸ்டிக் உறையைக் கிழிக்கும் முன் ஷாஃப்ட் பெயரையும் ஃப்ளெக்ஸையும் தாளோடு ஒப்பிட்டு, ஹோசலில் உள்ள சீரியல் எண்ணைப் படம் எடுங்கள். போலி கிளப் புழங்கும் சந்தை இது. பில்லில் அந்த எண் இருக்கட்டும். பிறகு ஃபிட்டரிடமே கொண்டுபோய் ஒவ்வொன்றையும் மெஷினில் வைத்து லாஃப்ட், லை பார்க்கச் சொல்லுங்கள். தொழிற்சாலையிலிருந்து 1 டிகிரி கூடக்குறைய வருவது சகஜம். 6-அயர்ன் 1 டிகிரி கூடவும் 7-அயர்ன் 1 டிகிரி குறையவும் வந்தால் இரண்டுக்கும் இடையிலான தூர வித்தியாசம் வெகுவாகக் குறைந்துவிடும். அரை டிகிரிக்குள் கொண்டுவரச் சொல்வது நியாயமான கோரிக்கை. முதல் தடவை இலவசமாகச் செய்து தருமாறு ஆர்டரின்போதே பேசிவையுங்கள்.

ஃபோர்ஜ் செய்த அயர்னைப் பயிற்சிப் பாயில் அதிகம் அடிப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை லாஃப்ட், லை பார்க்க வேண்டும், மெல்ல நகர்ந்துவிடும். கிரிப்பும் ஆண்டுக்கு ஒருமுறை. மாற்றும்போது அதே எடையில் போடச் சொல்லுங்கள்; 4, 5 கிராம் கூடினாலே ஸ்விங் வெயிட் ஒரு புள்ளி இறங்கும்.

வெளிநாட்டுக்கு கிளப்போடு ஆடப் போகிறவர்கள் பில்லின் நகலை எடுத்துக்கொண்டு, புறப்படும் விமான நிலையத்திலேயே சுங்க அதிகாரியிடம் ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது அதே செட்டை வெளியே வாங்கியது என்று கருதி வரி கேட்டால் காட்டுவதற்கு அதுதான் ஆதாரம். சீரியல் எண்கள் அதில் இருக்க வேண்டும், எனவே விமானத்தில் பையை ஒப்படைக்கும் முன்பே இதை முடிக்கும்படி நேரம் வைத்துக் கிளம்புங்கள்.